காலி பஸ்ஸின் கணக்கு யார் தலையில்? – பிரிட்டனின் பழைய பஸ் கம்பெனிகள்



நம் கேட்டுக்கு எதிரே பஸ் வந்து நிற்கும்போது அதன் முகப்பை ஒரு தடவை கவனியுங்கள். பெரும்பாலும் 'அசோக் லேலண்ட்' என்றிருக்கும். லேலண்ட் என்பவர் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்றுதான் வேலையில் இருந்த காலம் முழுவதும் நினைத்திருந்தேன். இல்லை, அது ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில் இருக்கிற சின்ன ஊர். 1896-ல் நீராவி வண்டி செய்ய அங்கே தொடங்கிய ஒரு பட்டறை 1907-ல் ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டு 'லேலண்ட் மோட்டார்ஸ்' ஆனது. அசோக் மட்டும்தான் ஆள். 1948-ல் இங்கே கம்பெனியைத் தொடங்கிய ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரை வைத்தார். முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றார்கள். பிறகு லேலண்டோடு கூட்டுச் சேர்ந்து, 1955-ல் ஒரு பையனின் பெயரும் ஓர் ஊரின் பெயரும் ஒன்றாகின. எண்ணூர் தொழிற்சாலையிலிருந்து இன்றும் அந்த ஊர்ப் பெயர் ரோட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பெயரில் பஸ் செய்வது நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

லேலண்ட் பஸ்ஸைச் செய்து விற்றது. வாங்கி ஓட்டியவர்கள் வேறு. லண்டனின் சிவப்பு மாடி பஸ்ஸை எல்லோருக்கும் தெரியும். வீட்டு ஷோகேஸில் அதன் பொம்மையை வைத்திருப்பவர்கள் நம் பிளாக்கிலேயே இரண்டு பேர் உண்டு. ஆனால் லண்டனுக்கு வெளியே வட்டாரத்துக்கு வட்டாரம் தனிக் கம்பெனி, தனி நிறம், தனிப் பெயர் என்று ஒரு பெரிய குடும்பமே இருந்தது. அதைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன். என்ஜின், கியர் சமாச்சாரத்தை என்னிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் பேரேடு பார்த்தவன். இந்தக் கதையில் என்னை இழுத்துப் பிடித்தது ஒரு கணக்குதான்.

நம் பொதுக்குழுவில் வருஷம் தவறாமல் ஒரு கேள்வி எழும்: தரைத்தளத்தில் இருப்பவர் லிஃப்ட் பராமரிப்புக்கு ஏன் கட்ட வேண்டும்? பஸ் தொழிலிலும் இதே கேள்வி உண்டு. காலை எட்டு மணிக்குப் படிக்கட்டு வரை நிரம்பிப் போகும் நகர ரூட் பணம் கொட்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்று பேரோடு கிராமத்துக்குப் போகும் பஸ் டீசல் காசைக்கூடத் தராது. அந்த மத்தியான பஸ்ஸின் நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது? பிரிட்டன் இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்குள் பல தடவை விடையை மாற்றி எழுதியது. ஒவ்வொரு தடவையும் சில கம்பெனிகள் பிறந்தன, சில செத்தன.

ஆரம்பத்தில் கேள்வியே இல்லை. 1829 ஜூலை 4-ந் தேதி ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் லண்டனில் பாடிங்டனிலிருந்து பேங்க் வரை மூன்று குதிரை பூட்டிய ஆம்னிபஸ் விட்டார். (பேங்க் என்றால் பாங்க் ஆஃப் இங்கிலாந்து. முதல் பஸ்ஸே வங்கிக்குத்தான் போயிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.) மான்செஸ்டரில் ஜான் கிரீன்வுட் என்பவர் 1824-லேயே ஒன்று விட்டார் என்பதால் யார் முதல் என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. லாபம் வருகிற இடத்தில் ஓட்டினார்கள், வராவிட்டால் நிறுத்தினார்கள். அவ்வளவுதான்.

மோட்டார் வந்த பிறகுதான் தொழில் பெரிதானது. பர்மிங்ஹாமில் தொடங்கிய ஒரு கம்பெனியைப் பாருங்கள். 'பர்மிங்ஹாம் அண்ட் மிட்லண்ட் மோட்டார் ஆம்னிபஸ் கம்பெனி' என்று நீளமாகப் பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதை 'மிட்லண்ட் ரெட்' ஆக்கிவிட்டார்கள், வண்டியின் நிறத்தை வைத்து. 1904-ல் பதிவானது, 1905-ல் ஓடத் தொடங்கியது. மோட்டார் பஸ்கள் ஓயாமல் பழுதாகி நின்றதால் 1907-ல் மோட்டாரை மூட்டை கட்டி வைத்துவிட்டு மறுபடி குதிரைக்கே திரும்பினார்கள். பெயரில் மட்டும் மோட்டார், இழுப்பது குதிரை! 1912-ல்தான் துணிந்து மோட்டாரை மறுபடி இறக்கினார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1914-ல் பர்மிங்ஹாம் மாநகராட்சி, நகரத்துக்குள் ஓடும் பஸ்களை நாங்களே ஓட்டிக்கொள்கிறோம், நீங்கள் வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. மிட்லண்ட் ரெட் வெளியேதான் பார்த்தது. சுற்றியிருந்த சிறு நகரங்கள், சுரங்க ஊர்கள், சந்தைக் கிராமங்கள் என்று வலை விரித்தது. மேற்கே ஹியர்ஃபோர்ட், ஷ்ரூஸ்பரி, கிழக்கே லெஸ்டர். லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தின் மிகப் பெரிய பஸ் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. கடையில் கிடைத்த வண்டிகள் திருப்தி தராததால் அதன் தலைமை என்ஜினியர் வின்டம் ஷயர் 1923-லிருந்து சொந்தமாகவே பஸ் கட்டத் தொடங்கினார். ஒரு பஸ் கம்பெனி தன் பஸ்ஸைத் தானே செய்து, தானே ஓட்டியது. 1970 வரை அது நடந்தது.

மற்ற வட்டாரங்களிலும் இப்படித்தான் முளைத்தன. செஸ்டர் நகரத்தில் கிராஸ்லண்ட் டெய்லர் என்ற ஆங்கிலேயரும் வில் என்ற பிரெஞ்சுக்காரரும் 1906-ல் கார் செய்யக் கம்பெனி தொடங்கினார்கள். இரண்டு பேரின் பெயரையும் ஒட்டி 'கிராஸ்வில்' என்று பெயர் வைத்தார்கள். கார் தொழில் எடுபடவில்லை. பஸ் ஓட்டப் போனார்கள். வேல்ஸ் மலைக் கிராமங்களுக்கெல்லாம் அடுத்த எழுபது வருஷம் கிராஸ்வில் பஸ்தான். பிரெஸ்டனில் ஓடும் ஆற்றின் பெயரில் 'ரிப்பிள்'. தென்கடற்கரையில், சசெக்ஸின் பச்சை மேடுகளின் பெயரில் 'சவுத்டவுன்'. அதன் பஸ்கள் இளம் ஆப்பிள் பச்சையும் பாலாடை நிறமும். கிழக்குக் கடற்கரையில் லோஸ்டாஃப்டில் பிறந்து வடக்கே டார்லிங்டனில் குடியேறிய 'யுனைட்டட்'. இந்தப் பெயர்களைச் சொல்லும்போது அங்குள்ள என் வயதுக்காரர்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இவற்றின் பின்னால் இரண்டு பெரிய முதலாளிக் குழுக்கள் இருந்தன. ஒன்று, 'தாமஸ் டில்லிங்'. 1840-களில் ஒற்றைக் குதிரையோடு லண்டனில் தொழில் தொடங்கிய மனிதரின் பெயர். இரண்டாவது, டிராம் ஓட்டப் பிறந்து பஸ்ஸுக்கு மாறிய 'பிரிட்டிஷ் எலெக்ட்ரிக் டிராக்‌ஷன்', சுருக்கமாக பி.இ.டி. இந்த இரண்டும் வட்டாரக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கிச் சேர்த்தன. 1928-ல் ரயில்வேக்களுக்கும் பஸ்ஸில் பணம் போட சட்டம் இடம் கொடுத்தது. பல கம்பெனிகளில் ரயில்வே பாதி, குழு பாதி என்று பங்கு பிரிந்தது. போட்டியாளரை அழிக்க முடியாவிட்டால் அவர் பங்கை வாங்கிவிடு என்பது வணிகத்தில் பழைய பாடம்.

1920-களில் தெருவில் நடந்ததோ தனி ரகளை. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் ராணுவம் கழித்துக் கட்டிய லாரிகளை வாங்கி, மேலே இருக்கை போட்டு, பஸ் என்று விட்டார்கள். பெரிய கம்பெனியின் பஸ் வருவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போவது, நிறுத்தத்துக்கு நிறுத்தம் பந்தயம் ஓடுவது. நம் ஊரில் தனியார் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்குக் கடிவாளம் போட்டது 1930-ம் வருஷத்து ரோடு டிராஃபிக் சட்டம். வண்டிக்கு லைசென்ஸ், டிரைவருக்கும் கண்டக்டருக்கும் லைசென்ஸ். இவை எல்லாவற்றுக்கும் மேலே, ரூட்டுக்கு லைசென்ஸ். டிராஃபிக் கமிஷனர்கள் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் அதிகாரிகளை அமர்த்தினார்கள். புதிதாக ஒருவர் ஒரு ரூட் கேட்டால், அங்கே ஏற்கெனவே ஓட்டுகிற கம்பெனி ஆட்சேபம் சொல்லலாம். ரயில்வேயும் சொல்லலாம். கமிஷனர் விசாரித்து முடிவு செய்வார். அப்படி முடிவு செய்யும்போது அந்த வட்டாரம் முழுவதன் தேவையையும், வருமானம் வராத ரூட்டுகளையும் அவர் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

இங்கேதான் என் பேரேட்டுக் கண் நின்றது. எழுதாத ஒப்பந்தம் ஒன்று அதற்குள் இருந்தது. உன் லாப ரூட்டில் யாரையும் நுழைய விடாமல் பாதுகாக்கிறோம்; பதிலுக்கு அந்த லாபத்திலிருந்து உன் மத்தியான கிராம பஸ்ஸையும் ஓட்டு. அரசாங்கம் ஒரு பைசா தர வேண்டியதில்லை. நகரத்தில் வேலைக்குப் போகிறவர் தன் டிக்கெட்டில் ஒரு துளி அதிகம் கொடுத்தார். தான் பார்க்கவே போகாத ஒரு கிராமத்துப் பாட்டியின் சந்தைப் பயணத்துக்கு அந்தத் துளி போனது. அவருக்கு அது தெரியவும் தெரியாது. தெரிந்திருந்தால் பொதுக்குழுவில் எழுந்திருப்பார்.

இந்த ஏற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஆட்சி மாறியது, உடைமை மாறியது, பஸ் ஓடிக்கொண்டிருந்தது. 1947 சட்டத்துக்குப் பின் டில்லிங் குழு 1948-ல் தன் பஸ் கம்பெனிகளை அரசுக்கு விற்றது. விலை 2 கோடியே 48 லட்சம் பவுண்டு. பி.இ.டி. விற்க மறுத்து நின்றது. ஆனால் ரயில்வே அரசுடைமை ஆனதால் அதன் கம்பெனிகளில் இருந்த ரயில்வே பங்கு தானாகவே அரசு கைக்குப் போனது. ஆக மிட்லண்ட் ரெட் பாதி தனியார், பாதி சர்க்கார் என்று இருபது வருஷம் ஓடியது.

அந்தக் காலத்து வண்டிகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் ரயில் முதலில் வந்தது, மாடி பஸ் பிறகு வந்தது. அதனால் ரயில் பாலங்களுக்கடியில் மாடி பஸ் நுழைய முடியாத இடங்கள் ஏராளம். 1927-ல் வந்த லேலண்ட் டைட்டன் ஒரு வழி கண்டது. மேல்தளத்தில் நடைபாதையை நடுவில் வைக்காமல் ஓரமாகப் பள்ளத்தில் இறக்கி, நாலு பேர் ஒரே வரிசையில் நெருக்கி உட்காரும் பெஞ்சுகளைப் போட்டார்கள். உயரம் ஏறக்குறைய ஓர் அடி குறைந்தது. கஷ்டம் என்னவென்றால், ஜன்னலோரம் இருப்பவர் இறங்க மற்ற மூன்று பேரும் எழுந்திருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் உட்கார்ந்தவரின் தலைக்கு மேலேயே அந்தப் பள்ளம் துருத்திக்கொண்டிருக்கும். எழுந்தால் 'ணங்'. இருபது வருஷத்துக்கு மேல் ஆங்கிலேயக் கிராமத்தான் அதில் தலையை இடித்துக்கொண்டான். 1949-ல் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலை 'லோடெக்கா' என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டை ஓரமாகத் தள்ளி, கீழ்த்தளத்தைத் தாழ்த்திவிட்டார்கள். மேலே வழக்கம்போல நடுவில் நடைபாதை, கீழே தலை தப்பியது. இவ்வளவு நல்ல வண்டியை யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடியவில்லை. தொழிற்சாலை அரசுடைமை ஆகிவிட்டதால் அரசுக் கம்பெனிகளுக்கு மட்டுமே விற்கலாம் என்று சட்டம். 1965 வரை அந்தத் தடை இருந்தது. மற்றவர்கள் டெனிஸ் என்ற தனியார் கம்பெனி லைசென்ஸ் வாங்கிச் செய்ததை வாங்கிக்கொண்டார்கள்.

பிரிஸ்டல் என்றதும் இன்னொரு பக்கத்தையும் திருப்ப வேண்டும். பழைய பஸ் பிரியர்கள் எழுதும் புத்தகங்களில் இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவார்கள். 1950-களில் அங்கே ஆள் பற்றாக்குறை. லண்டன் டிரான்ஸ்போர்ட் 1956-லிருந்து பார்படோஸ் தீவுக்கே போய் ஆள் எடுத்தது. ஆனால் அரசுக்குச் சொந்தமான பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனி, கறுப்பரையும் ஆசியரையும் பஸ்ஸில் டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுப்பதில்லை என்று வைத்திருந்தது. பட்டறையில் வேலை தருவார்கள், பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். உள்ளூர்த் தொழிற்சங்கக் கிளை 1955-லேயே அப்படித் தீர்மானம் போட்டிருந்தது. அடிப்படைச் சம்பளம் குறைவு, ஓவர்டைம்தான் வாழ்க்கை. புது ஆட்கள் வந்தால் அது போய்விடும் என்ற பயமும் அதில் கலந்திருந்தது.

1963 ஏப்ரலில் பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் ஒரு சோதனை செய்தார். கய் பெய்லி என்ற தகுதியான பையனுக்கு நேர்முகத் தேர்வு கேட்டார், கிடைத்தது. பையன் மேற்கிந்தியத் தீவுக்காரன் என்று தெரிந்ததும் தேர்வு ரத்தானது. அங்கிருந்து பஸ் பகிஷ்கரிப்பு தொடங்கியது. மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் நம் தலைமுறைக்குத் தெரிந்த பெயர்; அப்போது அவர் டிரினிடாட் நாட்டின் ஹைகமிஷனர். அவரும் ஆதரவாகப் பேசினார். நாலு மாதம் இழுத்து, ஆகஸ்ட் 28-ந் தேதி கம்பெனி இறங்கி வந்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றியதும் அதே நாள். செப்டம்பர் 17-ந் தேதி பிரிஸ்டலின் முதல் வெள்ளையர் அல்லாத கண்டக்டர் வேலையில் சேர்ந்தார்: ரக்பீர் சிங் என்ற சீக்கியர். 1965-லும் 1968-லும் பிரிட்டன் இனப் பாகுபாட்டுக்கு எதிராகப் போட்ட சட்டங்களுக்கு இந்தப் போராட்டமும் வழி வகுத்தது. தொழிற்சங்கம் மன்னிப்புக் கேட்டது 2013-ல். ஐம்பது வருஷம் கழித்து. பச்சை வண்ணமும் அழகான முகப்பும் பார்த்து உருகும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். கிராமத்துப் பாட்டிக்கு ஓடிய அதே கம்பெனியின் கதவுதான் பெய்லிக்கு மூடியிருந்தது.

இனி அந்த எழுதாத ஒப்பந்தத்துக்கு வருவோம். அதை உடைத்தது முதலில் கார்தான். 1950-ல் பெட்ரோல் ரேஷன் நீங்கியது. கார் பெருகியது. வீட்டுக்குள் டி.வி. வந்ததால் சாயந்திர சினிமாக் கூட்டமும் பஸ்ஸை விட்டுப் போனது. லாப ரூட்டின் லாபம் இளைத்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க என்ன இருக்கும்? கட்டணத்தை ஏற்றினார்கள், பயணி குறைந்தார். மறுபடி ஏற்றினார்கள்.

மிட்லண்ட் ரெட் மட்டும் அப்போதும் ஒரு கம்பீரம் காட்டியது. 1959 நவம்பர் 2-ந் தேதி, எம்-1 நெடுஞ்சாலை திறந்த அதே நாளில், பர்மிங்ஹாம்–லண்டன் அதிவேக பஸ்ஸை அதில் இறக்கியது. சொந்தப் பட்டறையில் கட்டிய வண்டி, மணிக்கு 80 மைலுக்கு மேல் போகும். அந்தச் சாலையில் அப்போது வேகக் கட்டுப்பாடே கிடையாது. 70 மைல் வரம்பு 1965 கடைசியில்தான் வந்தது. கார்க்காரர்களை ஒரு பஸ் முந்திக்கொண்டு போனது!

1967-ல் பி.இ.டி.யும் களைத்துப்போய் 3 கோடியே 50 லட்சம் பவுண்டுக்குத் தன் பஸ்களை அரசுக்கு விற்கச் சம்மதித்தது. 1969 ஜனவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட்டாரக் கம்பெனிகள் ஏறக்குறைய எல்லாம் 'நேஷனல் பஸ் கம்பெனி' என்ற ஒரே குடையின் கீழ். பெயர்களை மாற்றவில்லை. ஆனால் 1972-ல் நிறங்களை மாற்றினார்கள். இனி நாடு முழுவதும் இரண்டே நிறம்: ஒரு சிவப்பு, ஒரு பச்சை. சவுத்டவுனின் ஆப்பிள் பச்சை போனது. மிட்லண்ட் ரெட்டின் ஆழ்ந்த சிவப்பு, பாப்பி என்ற வெளிறிய சிவப்பானது. வங்கிகளை இணைத்தபோது பழைய பெயர்ப்பலகையைக் கழற்றியதைப் பார்த்த எவருக்கும் இது புரியும்.

நிறத்தைவிடப் பெரிய அடி வேறு. பெரிய நகரங்களுக்குத் தனிப் போக்குவரத்து அமைப்புகளை 1968 சட்டம் உண்டாக்கியிருந்தது. 1973 டிசம்பரில் பர்மிங்ஹாமைச் சுற்றிய ரூட்டுகள் அனைத்தும் மிட்லண்ட் ரெட்டிடமிருந்து அந்த அமைப்புக்கு மாறின. எந்த ஊர்களின் வருமானத்தில் மற்ற எல்லா ரூட்டும் ஓடினவோ அந்த ஊர்கள் போய்விட்டன. மிச்சம் நின்றது மெதுவடை மாதிரி: சுற்றிலும் இருக்கிறது, நடுவில் ஓட்டை. அந்த ஓட்டையில்தான் பணம் இருந்தது. கம்பெனி தன் வலையைக் கணக்குப் பார்த்து வெட்டத் தொடங்கியது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பயணிகளை எண்ணி, கட்டுப்படியாகும் ரூட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, கேனக் பக்கம் 'சேஸ்ரைடர்', ஷ்ரூஸ்பரியில் 'ஹாட்ஸ்பர்' என்று புதுப் பெயர்களைச் சூட்டினார்கள். 1981-ல் கம்பெனியே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று துண்டானது.

பிறகு தாட்சர் அரசு. 1984-ல் போக்குவரத்து அமைச்சர் நிக்கலஸ் ரிட்லி வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் வாதம், ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்கு நன்றாகவே புரிகிறது. ஒருவர் லாபத்தில் இன்னொருவர் நஷ்டத்தை மறைத்து அடைப்பது சரியான கணக்கு அல்ல. எந்த ரூட்டில் எவ்வளவு நஷ்டம் என்று யாருக்கும் தெரியாது. போட்டி வந்தால் செலவு குறையும். நஷ்ட ரூட் வேண்டுமென்றால் உள்ளாட்சி டெண்டர் விட்டு, பணம் கொடுத்து, வெளிப்படையாக ஓட்டட்டும். தணிக்கையாளர் கண்ணால் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத வாதம். 1985 சட்டம், 1986 அக்டோபர் 26-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. லண்டனை மட்டும் விட்டுவிட்டார்கள். மற்ற இடங்களில் யாரும் எந்த ரூட்டிலும் 42 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஓட்டலாம், அதே மாதிரி நிறுத்தலாம். 1988-க்குள் நேஷனல் பஸ் கம்பெனி துண்டு துண்டாக விற்கப்பட்டது. பலவற்றை அங்கே வேலை பார்த்த மேனேஜர்களே கடன் வாங்கி வாங்கினார்கள். புத்தக மதிப்பில் தூங்கிக்கொண்டிருந்த டெப்போ நிலங்கள் சந்தை விலைக்கு விழித்துக்கொண்ட கதைகளும் உண்டு. கிராஸ்வில் இரண்டாக உடைந்து, சில வருஷத்தில் செஸ்டர் பக்கம் அந்தப் பெயரே இல்லாமல் போனது.

போட்டி எங்கே போய் நின்றது என்பதற்கு டார்லிங்டன் சாட்சி. யுனைட்டட் கம்பெனி குடியேறியது என்றேனே, அதே ஊர். அங்கே நகராட்சியின் சொந்த பஸ் கம்பெனியும் ஒன்று இருந்தது. 1994-ல் அதை விற்க முன்வந்தபோது ஸ்டேஜ்கோச் குழுவும் கேட்டது, கிடைக்கவில்லை. அக்கா தம்பி இருவர் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்தில் 1980-ல் தொடங்கிய குழு அது. தம்பி பிரையன் சூட்டர் கணக்கியல் படித்தவர், கண்டக்டராகவும் வேலை பார்த்தவர். குழுவின் கம்பெனி அந்த ஊரில் இலவசமாகவே பஸ் விட்டது. நகராட்சிக் கம்பெனியின் டிரைவர்களுக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு கொடுத்துத் தன் பக்கம் சேர்த்தது. ஓட்ட ஆளில்லாமல் நகராட்சிக் கம்பெனி சில வாரத்தில் படுத்தது. அடுத்த வருஷம் ஏகபோகங்களை விசாரிக்கும் ஆணையம் இதைப் பொது நலனுக்கு விரோதமான செயல் என்று கண்டித்தது. அதற்குள் அந்தக் கம்பெனி இல்லை. பொருளாதாரப் பாடத்தில் இலவசம் என்பதன் உண்மை விலையைப் பற்றிப் படித்தவர்கள் இதை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

நேர்மையாகச் சொன்னால், 1986-க்குப் பின் எல்லாமே கெட்டுவிடவில்லை. நகர ரூட்டுகளில் சிறிய மினிபஸ்கள் அடிக்கடி வந்தன. செலவு குறைந்தது. ஆனால் ஒன்றை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். லண்டனுக்கு வெளியே பயணிகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. ரூட்டையும் கட்டணத்தையும் பொது அமைப்பே முடிவு செய்து, ஓட்டுவதை மட்டும் டெண்டர் விட்ட லண்டனில், அடுத்த முப்பது வருஷத்துக்குள் ஏறக்குறைய இரட்டிப்பானது. லண்டனில் ஜனத்தொகையும் கூடியது, கார்களுக்கு நெரிசல் கட்டணமும் வந்தது, அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் மீதி பெரிதாகவே இருக்கிறது. கிராமத்துப் பாட்டியின் பஸ்ஸுக்கு உள்ளாட்சி வெளிப்படையாகப் பணம் தர வேண்டியிருந்ததால், உள்ளாட்சிக்குப் பணமுடை வந்த வருஷம் முதலில் வெட்டப்பட்டதும் அந்த பஸ்தான். மறைந்திருந்த வரை யாரும் வெட்டவில்லை. தனி வரியாக எழுதியதும் பேனா அங்கேதான் போனது. 2008-லிருந்து இங்கிலாந்து முழுவதும் முதியவர்களுக்கு நெரிசல் இல்லாத நேரத்தில் இலவசப் பயண அட்டை. அட்டை பர்ஸில் இருக்கிறது. ஊருக்கு பஸ் இல்லை என்றால் அதை என்ன செய்வது?

இப்போது மறுபடி விடையை மாற்றுகிறார்கள். 2017 சட்டம் கொடுத்த அதிகாரத்தை வைத்து மான்செஸ்டர் பெருநகரம் 2023 செப்டம்பரில் போல்டன், விகன் பகுதிகளில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் எல்லைக்குள் உள்ள பஸ்களை ஒரே பொது ஏற்பாட்டில் கொண்டுவந்துவிட்டது. லண்டனுக்கு வெளியே 1986-க்குப் பின் இதுதான் முதல் தடவை. பஸ்கள் எல்லாம் தேனீ மாதிரி மஞ்சளாக ஓடுகின்றன.

நம் குடியிருப்பில் பிள்ளைகளை பர்மிங்ஹாம் பக்கம் வைத்திருப்பவர்கள் சில பேர் இருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது, நகரத்துக்குத் தெற்கே வைத்தால் என்ற ஊரில் ஒரு பஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். மிட்லண்ட் ரெட் தன் பட்டறையில் கட்டிய வண்டிகள் பழைய ஆழ்ந்த சிவப்பிலேயே நிற்கின்றன. எல்லா நாளும் திறக்க மாட்டார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள். சில நாட்களில் பழைய வண்டிகளில் ஏற்றி ஒரு சுற்றும் ஓட்டுவார்கள். டி-9 என்ற மாடி பஸ் ஓடினால் மேலே ஏறி முன்வரிசையில் இடம் பிடியுங்கள். முழங்கால் வலி இருப்பவர்கள் மட்டும் கீழேயே உட்காருங்கள். அந்தப் படி கொஞ்சம் செங்குத்து.